இணைந்தியங்கும் மரபணு ஒழுங்குமுறைப் பகுதிகள்: டி.என்.ஏ. வரிசை உணர்த்தும் அடையாளங்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மரபணு எப்போது, எந்தத் திசுவில், எவ்வளவு இயங்க வேண்டும் என்பதை அம்மரபணுவுக்கு அருகிலுள்ள தொடக்கிப் பகுதியும், பல இலட்சம் கார இணைகள் தொலைவிலும் அமையக்கூடிய மேம்படுத்திப் பகுதிகளும் இணைந்து முடிவு செய்கின்றன. எந்த மேம்படுத்தி எந்தத் தொடக்கியுடன் இணைகிறது என்பதை டி.என்.ஏ. வரிசையை மட்டும் கொண்டு அறிய முடியுமா என்ற வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வரிசைக்கூறுகளின் திசை, எல்லைப் பகுதிகளின் பங்கு, தொடக்கி வகைகளின் இசைவு ஆகிய மூன்றும் சான்றுகளுடன் விளக்கப்படுகின்றன. இணைவைக் கணிக்கும் கணினி முறைகளை மதிப்பிடுவதில் நேர்ந்த ஒரு பிழையும் சுட்டப்படுகிறது. இணைவுக்கான தகவலில் பெரும்பகுதி, இணையும் இரு முனைகளைவிட அவற்றுக்கு இடையிலும் சூழவும் உள்ள வரிசையில் பரவிக் கிடக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தொடக்கி, மேம்படுத்தி, வரிசைக்கூறு, சி.டி.சி.எஃப்., கோஹீசின், குரோமாட்டின் கண்ணி, இயந்திரக் கற்றல்

1. முன்னுரை

மனித மரபணுத்தொகுதி ஏறத்தாழ 310 கோடி கார இணைகளைக் கொண்டது. இதில் புரதங்களுக்கான குறிப்பைத் தாங்கும் பகுதி 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எஞ்சிய பகுதியில்தான் மரபணுக்களை இயக்கியும் அடக்கியும் வைக்கும் ஒழுங்குமுறைப் பகுதிகள் சிதறியுள்ளன. பொதுவான நோய்களுடன் தொடர்புடையனவாக மக்கள்தொகை ஆய்வுகள் கண்டறிந்த ஓரெழுத்து மாற்றங்களுள் மிகப் பெரும்பாலானவை புரதக் குறிப்புப் பகுதிக்கு வெளியே அமைந்துள்ளன. எனவே, அத்தகைய மாற்றம் ஒன்று கண்டறியப்பட்டதும் எழும் முதல் வினா, அது எந்த மரபணுவின் இயக்கத்தை மாற்றுகிறது என்பதே.

அருகிலுள்ள மரபணுவையே விடையாகக் கொள்வது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அவ்வழக்கம் எவ்வாறு திசைதிருப்பக்கூடும் என்பதற்கு எஃப்.டி.ஓ. மரபணு தக்க சான்றாகும். 16ஆம் குரோமோசோமில் இம்மரபணுவின் உள்ளே, புரதக் குறிப்பைத் தாங்காத இன்ட்ரான் பகுதியில் அமைந்த மாற்றங்கள் உடற்பருமனுடன் தொடர்புடையன என்று 2007இல் அறிவிக்கப்பட்டது. அதனையடுத்துப் பல ஆய்வுகள் எஃப்.டி.ஓ. புரதத்தின் மீதே கவனம் செலுத்தின. ஆனால், அந்த இன்ட்ரான் பகுதி பல இலட்சம் கார இணைகள் தள்ளியுள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3 மரபணுவின் தொடக்கியுடன் நேரடியாக இணைகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 ஆகிய இரண்டையும் ஓரெழுத்து மாற்றம் ஒன்று கொழுப்புச் செல்களின் முன்னோடிகளில் பாதிக்கும் முறையை 2015இல் வெளியான ஆய்வு விளக்கியது. மாற்றம் ஒரு மரபணுவின் உள்ளே இருந்தது. அதன் விளைவோ வேறு மரபணுக்களில் வெளிப்பட்டது.

இணைவை அறியாமல் ஒழுங்குமுறைப் பகுதியின் பொருளை அறிய இயலாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. அந்த இணைவு வரிசையில் எவ்வாறு பொறிக்கப்பட்டுள்ளது என்பதை இனிக் காணலாம்.

2. தொடக்கியும் மேம்படுத்தியும்

புரோமோட்டர் எனப்படும் தொடக்கிப் பகுதி, படியெடுத்தல் தொடங்கும் புள்ளியைச் சூழ்ந்து அமைவது. படியெடுக்கும் நொதி இங்குதான் அமர்கிறது. சில தொடக்கிகளில், தொடங்குபுள்ளிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 எழுத்துகள் முன்னால் 'டாட்டா' என்னும் வரிசைக்கூறு காணப்படும். மனிதனின் தொடக்கிகளுள் பெரும்பான்மையானவை இவ்வகையின அல்ல. சி, ஜி ஆகிய எழுத்துகள் அடுத்தடுத்து மிகுதியாக வரும் சி.பி.ஜி. தீவுகளில் அவை அமைந்துள்ளன.

என்ஹான்சர் எனப்படும் மேம்படுத்திப் பகுதி, தொடக்கியின் செயல்பாட்டைப் பன்மடங்கு உயர்த்துவது. எஸ்.வி.40 என்னும் வைரசிலிருந்து எடுக்கப்பட்ட குறுகிய டி.என்.ஏ. துண்டு ஒன்று, மரபணுவுக்கு முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் திருப்பி வைத்தாலும் அதன் படியெடுத்தலை உயர்த்துவதை வால்டர் ஷாஃப்னர் குழுவினர் 1981இல் காட்டினர். தொலைவையும் திசையையும் பொருட்படுத்தாமை மேம்படுத்தியின் இலக்கணமாக அன்றுமுதல் கருதப்பட்டு வருகிறது. இந்த இலக்கணமே ஒரு சிக்கலையும் தோற்றுவிக்கிறது. எத்தொலைவிலும் எத்திசையிலும் செயல்படக்கூடிய ஒரு பகுதி, தன் அருகிலுள்ள பல தொடக்கிகளுள் ஒன்றை மட்டும் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது?

தொலைவு எத்துணைப் பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணு எடுத்துக்காட்டாகும். கை, கால் மொட்டுகளில் இம்மரபணுவை இயக்கும் இசட்.ஆர்.எஸ். என்னும் மேம்படுத்தி, மனிதனில் ஏறத்தாழ 10 இலட்சம் கார இணைகள் தள்ளி, எல்.எம்.பி.ஆர்.1 என்னும் வேறொரு மரபணுவின் ஐந்தாம் இன்ட்ரானுக்குள் இருக்கிறது. இதில் ஏற்படும் ஓரெழுத்து மாற்றங்கள் சிலவற்றால் கட்டைவிரல் பக்கத்தில் மிகைவிரல் தோன்றுகிறது. எலியில் இப்பகுதியை முற்றிலும் நீக்கினால் கால்கள் குறைவுபட்டு வளர்கின்றன. பாம்புகளின் இசட்.ஆர்.எஸ். பகுதியில் 17 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு இல்லை என்பதும், பாம்பின் வரிசையை எலியில் பொருத்தினால் கால்கள் குறுகிவிடுகின்றன என்பதும், மலைப்பாம்பின் வரிசையில் அந்த 17 எழுத்துகளை மீண்டும் சேர்த்துப் பொருத்தினால் கால்கள் இயல்பாக வளர்கின்றன என்பதும் 2016இல் வெளியான ஆய்வில் நிறுவப்பட்டன. சில எழுத்துகளே உடலமைப்பைத் தீர்மானிக்க வல்லவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

3. வரிசைக்கூறும் தற்செயலும்

படியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்கள், பெரும்பாலும் 6 முதல் 12 எழுத்துகள் கொண்ட குறுகிய வரிசைக்கூறுகளை இனங்கண்டு டி.என்.ஏ.வில் பிணைகின்றன. ஆனால், ஒரு வரிசைக்கூறு காணப்படுவதால் மட்டுமே அவ்விடம் ஒழுங்குமுறைப் பகுதி ஆகிவிடாது. இதனை எளிய கணக்கால் விளக்கலாம். நான்கு எழுத்துகளும் சம அளவில், ஒன்றையொன்று சாராமல் வருவதாகக் கொண்டால், குறிப்பிட்ட ஆறெழுத்துக் கூறு ஒன்று 4,096 இடங்களுக்கு ஒருமுறை தற்செயலாகவே தோன்றும். 310 கோடி எழுத்துகளில் ஓர் இழையில் மட்டும் இது ஏறத்தாழ 7.5 இலட்சம் முறை வரும். பன்னிரண்டு எழுத்துக் கூறாயின், 1 கோடியே 67 இலட்சம் இடங்களுக்கு ஒருமுறை என்ற அளவில் ஏறத்தாழ 185 முறையே வரும்.

உண்மையான மரபணுத்தொகுதியில் எழுத்துகள் சம அளவில் அமைவதில்லை. ஆகவே இக்கணக்கு தோராயமானதே. எனினும் இதிலிருந்து இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, குறுகிய கூறு தனித்து நின்று பொருள் தருவதில்லை. பல கூறுகள் ஓரிடத்தில் திரண்டு வரும்போதே மேம்படுத்தி உருவாகிறது. இரண்டாவது, இணையும் இரு பகுதிகளிலும் ஒரே கூறு காணப்படுகிறது என்பது தன்னளவில் இணைவுக்குச் சான்றாகாது. எடுத்துக்காட்டாக, ஒய்.ஒய்.1 என்னும் புரதம் தொடக்கியிலும் மேம்படுத்தியிலும் பிணைந்து, பின் தம்முள் இணைந்து இரண்டையும் நெருங்கச் செய்கிறது என்று 2017இல் காட்டப்பட்டது. ஆயினும் அப்புரதம் எண்ணற்ற தொடக்கிகளிலும் மேம்படுத்திகளிலும் பிணைவதால், எந்த மேம்படுத்தி எந்தத் தொடக்கிக்கு உரியது என்பதை அதன் கூறு மட்டும் சொல்வதில்லை.

4. எழுத்தின் திசை

இணைவைக் குறித்து வரிசை தரும் தகவல்களுள் மிகத் தெளிவானது சி.டி.சி.எஃப். என்னும் புரதத்தின் பிணைப்பிடத்தில் உள்ளது. 11 துத்தநாக விரல்களைக் கொண்ட இப்புரதம், கோழியின் மிக் மரபணுத் தொடக்கியில் பிணையும் காரணியாக 1990இல் விவரிக்கப்பட்டது. சிசிசிடிசி என்னும் ஐந்தெழுத்து அடுக்கே அதன் பெயருக்குக் காரணம். ஜாஸ்பார் தரவுத்தளத்தில் பரவலாகப் பயன்படுத்தப்படும் அதன் வரிசைக்கூறு 19 எழுத்து நீளமுடையது.

இக்கூற்றின் சிறப்பு அதற்குத் திசை இருப்பதாகும். 'விகடகவி' என்னும் சொல்லை எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. தமிழ் யாப்பில் இதனை மாலைமாற்று என்பர். டி.என்.ஏ.வில் மாலைமாற்று சற்று வேறுபட்ட முறையில் அமைகிறது. இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஏ-க்கு எதிரே டி-யும் சி-க்கு எதிரே ஜி-யும் நிற்கின்றன. எனவே ஜிஏஏடிடிசி என்னும் கூறு மற்ற இழையில், அதன் திசையில் படிக்கும்போதும் ஜிஏஏடிடிசி என்றே வரும். இது திசையற்ற கூறு. ஆனால் சிசிசிடிசி என்பது மற்ற இழையில் ஜிஏஜிஜிஜி என்று வருகிறது. ஆகவே அக்கூறு எந்த இழையில் உள்ளது என்பதைக் கொண்டு அது வலப்பக்கம் நோக்குகிறதா இடப்பக்கம் நோக்குகிறதா என்று சொல்ல முடியும். சி.டி.சி.எஃப். கூறும் இத்தகையதே.

குரோமோசோமின் எப்பகுதி எப்பகுதியைத் தொடுகிறது என்பதை மரபணுத்தொகுதி முழுமைக்கும் அளக்கும் ஹை-சி முறை 2009இல் அறிமுகமானது. அம்முறையை மேலும் நுண்மையாக்கி 2014இல் வெளியான ஆய்வு, மனிதச் செல் வகை ஒன்றில் ஏறத்தாழ 10,000 குரோமாட்டின் கண்ணிகளை இனங்கண்டது. ஒரு கண்ணியின் இரு முனைகளிலும் சி.டி.சி.எஃப். கூறுகள் இருப்பின், அவை நோக்கும் திசைகளுக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு: இரண்டும் ஒன்றையொன்று நோக்குவது, இரண்டும் புறமுகமாக நோக்குவது, இரண்டும் வலப்பக்கம் நோக்குவது, இரண்டும் இடப்பக்கம் நோக்குவது. திசைக்குப் பொருளில்லையெனில் ஒவ்வொன்றும் 25 விழுக்காடு வர வேண்டும். ஆனால் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கண்ணிகளில் இரு கூறுகளும் ஒன்றையொன்று நோக்கியே அமைந்திருந்தன.

இது வெறும் உடனிகழ்வா, காரண காரியத் தொடர்பா என்ற ஐயத்தை 2015இல் வெளியான ஆய்வுகள் தீர்த்தன. கிரிஸ்பர் முறையால் ஒரு சி.டி.சி.எஃப். கூறு அதே இடத்தில் திருப்பி வைக்கப்பட்டபோது, பழைய கண்ணி குலைந்தது. சில இடங்களில் புதிய திசையில் இணைவு தோன்றியது. எழுத்துகளின் எண்ணிக்கை மாறவில்லை. நோக்கும் திசை மட்டுமே மாறியது.

இதன் இயங்குமுறையையும் இன்று ஓரளவு அறிய முடிகிறது. வளைய வடிவிலான கோஹீசின் என்னும் புரதத் தொகுதி, டி.என்.ஏ.வைப் பற்றி, கண்ணியாக இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டே செல்கிறது. தன்னை நோக்கி நிற்கும் சி.டி.சி.எஃப். புரதத்தை எதிர்கொள்ளும்போது அது தடைப்படுகிறது. சி.டி.சி.எஃப். புரதத்தின் முன்முனை கோஹீசினுடன் பிணைவதை 2020இல் வெளியான கட்டமைப்பு ஆய்வு காட்டியது. புரதத்தின் எம்முனை கண்ணியின் உட்புறம் நோக்குகிறது என்பதை டி.என்.ஏ. கூற்றின் திசையே முடிவு செய்கிறது. எழுத்தின் திசை இவ்வாறு முப்பரிமாண அமைப்பாகிறது.

5. எல்லை சிதையும்போது

தமக்குள் மிகுதியாகவும் வெளியே குறைவாகவும் தொடும் பகுதிகள் இடவியல் களங்கள் என 2012இல் விவரிக்கப்பட்டன. அவற்றின் எல்லைகளில் சி.டி.சி.எஃப். கூறுகள் செறிந்துள்ளன. எல்லை சிதைந்தால் நேர்வதை, பெர்லினைச் சேர்ந்த ஸ்டெஃபன் முண்ட்லோஸ் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 2ஆம் குரோமோசோமில் ஈ.பி.எச்.ஏ.4 மரபணுவைச் சூழ்ந்த களத்தில், கைகால் மொட்டில் செயல்படும் மேம்படுத்திகள் உள்ளன. களத்தின் எல்லையையும் சேர்த்து நீக்கும் மாற்றமுடைய குடும்பங்களில் விரல்கள் குறுகியிருந்தன. இம்மாற்றத்தை எலியில் உருவாக்கியபோது, அடுத்த களத்தைச் சேர்ந்த பேக்ஸ்3 மரபணு அம்மேம்படுத்திகளால் தவறான இடத்தில் இயக்கப்பட்டது. எல்லையை மட்டும் விட்டுவைத்து எஞ்சியதை நீக்கிய எலிகளில் விரல்கள் இயல்பாகவே இருந்தன.

இங்கு மேம்படுத்தியின் எழுத்துகளும் மாறவில்லை. பேக்ஸ்3 தொடக்கியின் எழுத்துகளும் மாறவில்லை. இடையில் இருந்த வரிசை நீங்கியதால் புதிய இணைவு தோன்றியது. இரு முனைகளை மட்டும் ஆராய்ந்திருந்தால் இம்மாற்றத்தின் காரணம் புலப்பட்டிருக்காது.

எனினும் எல்லையின் பங்கை மிகைப்படுத்தலாகாது. சி.டி.சி.எஃப். அல்லது கோஹீசினைச் செல்லிலிருந்து விரைந்து அகற்றிய ஆய்வுகள் 2017இல் வெளியாயின. கண்ணிகள் பரவலாக மறைந்தபோதிலும், பெரும்பாலான மரபணுக்களின் படியெடுத்தல் உடனடியாகச் சிறிதளவே மாறியது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் பகுதியில் சி.டி.சி.எஃப். கூறுகளை நீக்கியபோது, கைகால் மொட்டில் அம்மரபணுவின் இயக்கம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தும் கால்கள் இயல்பாகவே வளர்ந்தன. ஏற்கெனவே வலுக்குன்றிய மேம்படுத்தியுடன் சேர்ந்தபோதே விரல் குறைபாடு வெளிப்பட்டது. எல்லைக் கூறுகள் இணைவை உறுதிப்படுத்துகின்றன. அவையே இணைவின் முழுக்காரணம் எனல் பொருந்தாது.

6. தொடக்கிக்கும் மேம்படுத்திக்கும் உள்ள இசைவு

ஒரே களத்தில் பல தொடக்கிகள் இருக்கும்போது, அவற்றுக்கிடையே தேர்வு நிகழ்வது எவ்வாறு? பழ ஈயில் இதற்குத் தெளிவான விடை கிடைத்தது. எல்லாச் செல்களிலும் இயங்கும் பொது மரபணுக்களின் தொடக்கிகளும், வளர்ச்சிக் கட்டங்களில் மட்டும் இயங்கும் மரபணுக்களின் தொடக்கிகளும் வெவ்வேறு மேம்படுத்தித் தொகுதிகளுக்கு இசைகின்றன என்று 2015இல் வியன்னாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்டார்க் குழுவினர் காட்டினர். முதல்வகை மேம்படுத்திகளில் டி.ஆர்.ஈ. என்னும் கூறும், இரண்டாம் வகையில் ஜிஏஜிஏ என்னும் கூறும் மிகுந்திருந்தன. ஒரு கூற்றை மாற்றி மற்றதை அமைக்கும்போது மேம்படுத்தியின் சார்பும் மாறியது.

மனிதச் செல்களில் இத்தகைய கண்டிப்பான பிரிவு காணப்படவில்லை. 1,000 மேம்படுத்தி வரிசைகளையும் 1,000 தொடக்கி வரிசைகளையும் மாற்றி மாற்றி இணைத்துச் சோதித்து 2022இல் வெளியான ஆய்வில், பெரும்பாலான இணைகளின் விளைவு, இரண்டின் தனித்தனி வலிமைகளின் பெருக்கலாகவே அமைந்தது. பொது மரபணுத் தொடக்கிகள் மேம்படுத்திகளுக்குக் குறைவாக இசைந்தன என்ற அளவிலேயே வேறுபாடு இருந்தது. ஆகவே பூட்டும் சாவியும் போல ஒவ்வொரு மேம்படுத்திக்கும் உரிய தொடக்கி முனைகளிலேயே எழுதப்பட்டுள்ளது என்ற எதிர்பார்ப்பு மனிதனில் பொதுவாக நிறைவேறவில்லை.

7. கணிப்பு முறைகளும் மதிப்பீட்டுப் பிழையும்

இப்பின்னணியில் கணினிவழிக் கணிப்பு முறைகளை நோக்க வேண்டும். ஒரு தொடக்கியையும் ஒரு மேம்படுத்தியையும் தந்தால், அவை இணையுமா என்று சொல்லும் இயந்திரக் கற்றல் முறைகள் கடந்த பத்தாண்டுகளில் பல வெளிவந்தன. மிக உயர்ந்த துல்லியம் பெற்றதாகச் சில அறிவித்தன. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியான மறுமதிப்பீடுகள் அத்துல்லியத்தின் பெரும்பகுதி உண்மையன்று என்று காட்டின.

பிழை நேர்ந்த விதம் ஆய்வாளர் அனைவரும் அறியத்தக்கது. ஒரே தொடக்கி பல மேம்படுத்திகளுடன் இணைவதால், தரவில் அது பலமுறை இடம்பெறுகிறது. ஒன்றன்மேல் ஒன்று கவியும் இடைப்பகுதிகளும் பல இணைகளுக்குப் பொதுவாகின்றன. இவற்றைச் சீரற்ற முறையில் பயிற்சித் தரவு, சோதனைத் தரவு என்று பிரித்தால், சோதனையில் வரும் இணைகளின் பாதித் தகவல் பயிற்சியிலேயே இயந்திரத்துக்குக் கிடைத்துவிடுகிறது. ஒரே பாடலின் முன்னிரு அடிகளைப் பயிற்சிக்கும் பின்னிரு அடிகளைச் சோதனைக்கும் தந்து, இயந்திரம் புலவரின் நடையை இனங்காண்கிறது என்று முடிவு கட்டுவதற்கு இது ஒப்பாகும். குரோமோசோம் வாரியாகத் தரவைப் பிரித்துச் சோதித்தபோது அம்முறைகளின் திறன் பெரிதும் குறைந்தது.

எதிர்மறைச் சான்றுகளைத் தேர்வதிலும் கவனம் தேவை. இணையாத இணைகளைத் தொலைவானவையாகவே தேர்ந்தால், இயந்திரம் தொலைவை மட்டுமே கற்கும். தொலைவின் பரவலை இரு தொகுதிகளிலும் சமப்படுத்திய பின்னரே வரிசையின் பங்கைப் பேச இயலும்.

இதற்கு மாறாக, நீண்ட வரிசையை முழுதாக எடுத்துக்கொள்ளும் முறைகள் நம்பிக்கை அளிக்கின்றன. 2020இல் வெளியான அகிதா என்னும் முறை, ஏறத்தாழ 10 இலட்சம் எழுத்து நீளமுள்ள வரிசையிலிருந்து அதன் தொடர்பு வரைபடத்தைக் கணிக்கிறது. சி.டி.சி.எஃப். கூறுகளைக் கணினியில் சிதைத்தபோது வரைபடம் பெரிதும் மாறியது. அக்கூறுகளின் திசையின் பொருளை எவரும் சொல்லித் தராமலேயே அம்முறை கற்றிருந்தது. எனினும், தொடுதலைக் கணிப்பது வேறு, மரபணு இயக்கத்தைக் கணிப்பது வேறு. மேம்படுத்தியின் செயல்வலிமையையும் தொடுதலின் அளவையும் பெருக்கி மதிப்பிடும் ஏ.பி.சி. முறை, 2019இல் கிரிஸ்பர் சோதனைகளுடன் ஒப்பிடப்பட்டபோது, அருகிலுள்ள மரபணுவைத் தேர்வதைவிடச் சிறந்த விடைகளைத் தந்தது.

8. முடிவுரை

இணையும் ஒழுங்குமுறைப் பகுதிகளுக்கு வரிசை அடையாளங்கள் உண்டு. முனைகளில் உள்ள வரிசைக்கூறுகள் அப்பகுதி எந்தத் திசுவில், எவ்வளவு வலிமையுடன் செயல்படும் என்பதைச் சொல்கின்றன. தொடக்கியின் வகை, மேம்படுத்திக்கு அது எவ்வளவு செவிசாய்க்கும் என்பதைச் சொல்கிறது. எவை ஒன்றையொன்று அணுக முடியும் என்பதை, சூழவுள்ள சி.டி.சி.எஃப். கூறுகளின் இடமும் திசையும் பெரிதும் வரையறுக்கின்றன. இம்மூன்றனுள் ஒன்றை மட்டும் கொண்டு இணைவை முடிவு செய்தல் தவறான விடைக்கே இட்டுச் செல்லும்.

இத்துறையில் ஆய்வு மேற்கொள்வோர் மூன்று நெறிகளைப் பின்பற்றுதல் நலம். வரிசைக்கூறு காணப்படும் எண்ணிக்கையைத் தற்செயல் அளவுடன் ஒப்பிட வேண்டும். பயிற்சித் தரவையும் சோதனைத் தரவையும் குரோமோசோம் வாரியாகப் பிரிக்க வேண்டும். கணிப்பை, வரிசையை நீக்கியோ திருப்பியோ பார்க்கும் சோதனையோடு இறுதியில் ஒத்துப் பார்க்க வேண்டும். நோயாளி ஒருவரின் மரபணுத்தொகுதியில் காணப்படும் ஓரெழுத்து மாற்றத்தை எந்த மரபணுவின் கணக்கில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே அடுத்துச் செய்யப்படும் சோதனைகளும் தேடப்படும் மருந்தும் அமையும். எஃப்.டி.ஓ. மரபணுவின் வரலாறு உணர்த்தும் எச்சரிக்கையும் இதுவேயாகும்.